குருதியில் இருப்பது தலையெழுத்தன்று

பத்திரிகைத் தொழிலில் நான் இட்ட தலைப்புகள் எத்தனை ஆயிரம் என்று எனக்கே கணக்கில்லை. அவற்றுட் பெரும்பாலானவை மறுநாளே மீன் சுற்றவும் பாடப்புத்தகத்துக்கு உறை போடவும் போய்விட்டன. எழுதியவனும் மறந்தான், வாசித்தவரும் மறந்தார். ஒரேயொரு தலைப்பு மட்டும் இன்றுவரை என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது.

2006 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இரவுப் பணியின்போது, உட்பக்கமொன்றின் அடியில் நான்கு அங்குல இடம் வெறுமையாய்க் கிடந்தது. வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் அனுப்பியிருந்த குறிப்பொன்றை அவசரமாகத் தமிழாக்கினேன். ஆபிரிக்காவில் மலேரியா பற்றி நடந்த ஆய்வொன்று அது. "மலேரியாவுக்கு மரபணுவே காரணம்: ஆய்வில் கண்டுபிடிப்பு" என்று தலைப்பிட்டு, பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

ஒரு வாரம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. மலேரியா ஒழிப்பு வேலையில் மருந்து தெளிக்கும் பணியாளராக இருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் எழுதியிருந்தார். "ஐயா, மரபணுதான் காரணமென்றால் நான் முப்பது வருடமாக மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்துகொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியது எதற்காக?" இவ்வளவுதான் கடிதம். அதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுதுவதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை என்பதே உண்மை. காலந்தாழ்ந்த அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில், அந்த ஆய்வு உண்மையில் என்ன சொன்னது என்பதைக் கூறிவிடுகிறேன். கென்யாவின் இந்துசமுத்திரக் கரையில், மொம்பாசாவுக்கு வடக்கே கிலிஃபி என்ற பிரதேசம் இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து, மார்கரெட் மக்கினன் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 2005 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அது. ஒரே பிரதேசத்தில் வாழும் பிள்ளைகளுள் சிலர் ஓயாமல் மலேரியாவில் விழுகிறார்கள், வேறு சிலர் அரிதாகவே விழுகிறார்கள். இந்த வேறுபாட்டில் பரம்பரைக்குப் பங்கு எவ்வளவு, வீட்டுக்குப் பங்கு எவ்வளவு என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. கிடைத்த விடை, ஏறக்குறையக் காற்பங்கு பரம்பரையால் என்பது. சாதாரண மலேரியாவைப் பொறுத்தவரை, எந்த வீட்டில் வாழ்கிறார்கள் என்பதன் பங்கு அதற்குக் குறைந்ததாயில்லை. மலேரியாவைத் தடுப்பதிற் பெயர்பெற்ற அரிவாட்கல மரபணு கூட மொத்த வேறுபாட்டில் 2 சதவீதத்தை மட்டுமே விளக்கியது.

காற்பங்கு என்பதை நான் "மரபணுவே" என்று ஆக்கிவிட்டேன். அந்த ஓர் ஏகாரத்தில் வீடு காணாமற் போயிற்று. நுளம்பும் வறுமையும் வைத்தியசாலைக்குப் போகும் வழியும் அதனோடு சேர்ந்து காணாமற் போயின.

அதன்பின் இந்த விடயத்தைத் தேடிப் படிப்பது எனக்கு ஒரு பிராயச்சித்தம் போலாயிற்று. படிக்கப் படிக்க என்னை அதிகம் வருத்தியது, மலேரியாவின் பல முகங்களுள் ஒன்றான கடுமையான குருதிச்சோகை. மூளையைத் தாக்கும் மலேரியாவைப் பற்றி நாம் ஓரளவு அறிவோம். வலிப்பு வரும், நினைவு தவறும், ஊரே கூடிவிடும். குருதிச்சோகை அப்படியன்று. அது ஓசையின்றி வருவது.

மேற்குக் கென்யாவில், விக்ரோரியா ஏரிக்கு அருகே சியாயா என்ற பிரதேசம் உள்ளது. ஆண்டு முழுவதும் மலேரியா பரவும் இடம் அது. அங்குள்ள வைத்தியசாலையைத் தளமாகக் கொண்டு, கென்யாவின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் நியூமெக்சிக்கோப் பல்கலைக்கழகமும் பல ஆண்டுகளாகச் சிறு பிள்ளைகளின் குருதிச்சோகையை ஆராய்ந்து வந்துள்ளன. இத்தகைய பிரதேசங்களில் மலேரியா பெரும்பாலும் மூளையைத் தாக்கிக் கொல்வதில்லை. குருதியை வற்றச்செய்தே கொல்கிறது. பலியாவோர் பெரும்பாலும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். பிறந்த முதல் சில மாதங்களில் தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள்களும் கருவிலிருந்தபோது உருவான ஈமோகுளோபினும் குழந்தையை ஓரளவு காக்கின்றன. அந்தக் காவல் தளர்ந்து, தன் சொந்த எதிர்ப்பாற்றல் இன்னும் முற்றாத இடைவெளியிலேயே நோய் நுழைகிறது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு டெசிலீற்றர் குருதியில் 11 கிராம் அளவிலேனும் ஈமோகுளோபின் இருக்கவேண்டும். அது 5 கிராமுக்குக் கீழே இறங்கி, குருதியில் மலேரியா ஒட்டுண்ணிகளும் மிகுந்திருந்தால், கடுமையான மலேரியாக் குருதிச்சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. சியாயா ஆய்வாளர்கள் தங்கள் பிரதேசத்து நிலைமைக்கேற்ப 6 கிராமையே எல்லையாகக் கொண்டனர். எண்களை விட்டுவிட்டுப் பார்த்தால், குழந்தையின் உள்ளங்கை வெளுத்திருக்கும். பால் குடிக்கவும் களைப்பு. மூச்சு வாங்கும். இதயம் படபடக்கும். உடனே குருதி ஏற்றாவிட்டால் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடலாம்.

2023 ஆம் ஆண்டில் உலகெங்கும் மலேரியாவால் இறந்தவர்கள் 5 இலட்சத்து 97 ஆயிரம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆபிரிக்கப் பிராந்தியத்தவர். அப்பிராந்தியத்தில் இறந்தோரில் நான்கில் மூன்று பங்கினர் ஐந்து வயதை எட்டாத பிள்ளைகள்.

குருதி எப்படி வற்றுகிறது? ஒட்டுண்ணி செங்குழியத்துக்குள் புகுந்து பெருகி, அதை வெடிக்கச்செய்து வெளியேறுகிறது என்பது பாடசாலையிற் படித்தது. ஆனால் கணக்குப் பார்த்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஒட்டுண்ணி அழிக்கும் செங்குழியங்களை மட்டும் எண்ணினால் இழப்பின் அளவு சரிவரவில்லை. தொற்றுக்குள்ளான ஒரு செங்குழியம் அழியும்போது, தொற்றே இல்லாத ஏறத்தாழ எட்டுச் செங்குழியங்களும் சேர்ந்து அழிகின்றன என்று கணித்தார்கள். அவற்றை அழிப்பது பெரும்பாலும் நம் உடல்தான். மண்ணீரலும் அதனைச் சார்ந்த விழுங்கற் கலங்களும் ஐயத்துக்குரிய செங்குழியங்களையெல்லாம் அப்புறப்படுத்துகின்றன. குற்றவாளி ஒருவனைப் பிடிக்கத் தெருவையே சுற்றிவளைத்து எல்லோரையும் ஏற்றிச்செல்வதைப் பார்த்தவர்கள் நாம். இதை நமக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அழிவது ஒரு புறமிருக்க, புதிய செங்குழியங்களை ஆக்கவேண்டிய எலும்பு மச்சையும் சோர்ந்துவிடுகிறது. ஒட்டுண்ணி ஈமோகுளோபினைத் தின்று செரித்தபின் எஞ்சும் கழிவு, ஹீமோசோயின் எனப்படும் கறுப்பு நிறப்பொருள். இதனை வெண்குழியங்கள் விழுங்குகின்றன. விழுங்கியபின் அவற்றின் நடத்தை மாறுகிறது. உடலின் தற்காப்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் இரசாயனச் சைகைகளின் சமநிலை குலைகிறது. அந்த நிறப்பொருளே மச்சையின் செங்குழிய உற்பத்தியை மந்தப்படுத்துவதையும் ஆய்வுகள் காட்டின.

நிர்ப்பீடனம், அதாவது நோய் எதிர்ப்பாற்றல், இங்கேதான் இருமுனைக் கத்தியாகிறது. ஒட்டுண்ணியை அடக்க அழற்சியை மூட்டும் சைகை வேண்டும். ரி.என்.எஃப். அல்ஃபா என்பது அவற்றுள் ஒன்று. மூண்ட அழற்சியை உரிய நேரத்தில் அணைக்கும் சைகையும் வேண்டும். இன்ரர்லியூக்கின்-10 அந்த வகையைச் சேர்ந்தது. கானாவில் செய்யப்பட்டு 1998 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், கடுமையான குருதிச்சோகையுற்ற பிள்ளைகளிடம் இன்ரர்லியூக்கின்-10 குறைவாக இருந்தது. மூளை மலேரியா கண்டவர்களிடம் அப்படியில்லை. மேற்குக் கென்யாவிலும் ரி.என்.எஃப். அல்ஃபாவோடு ஒப்பிடுகையில் இன்ரர்லியூக்கின்-10 குறைந்த பிள்ளைகளிடமே குருதிச்சோகை கடுமையாயிருந்தது. செங்குழிய உற்பத்திக்குத் துணைநிற்கும் இன்ரர்லியூக்கின்-12 என்ற சைகையும் இத்தகைய பிள்ளைகளிடம் தாழ்ந்திருக்கக் கண்டார்கள். வயலில் களையை எரிக்க மூட்டிய தீயைக் காலத்தில் அணைக்க ஆளில்லாவிட்டால் வேலியும் எரியும், வீடும் எரியும். களை பொல்லாததுதான். ஆனால் வீட்டை எரித்தது களையன்று.

இந்தச் சைகைகளை எந்த அளவில் உண்டாக்குவது என்பதற்கான கட்டளைகள் நம் மரபணுக்களில் உள்ளன. அவை ஆளுக்கு ஆள் சிறிதளவு வேறுபடுகின்றன. ஒரே படுக்கையில், ஒரே நுளம்பிடம் கடிபட்ட இரு பிள்ளைகளுள் ஒன்று இரண்டு நாட்காய்ச்சலோடு எழுந்து விளையாட, மற்றது வெளுத்துப்போய் வைத்தியசாலையிற் கிடப்பதற்கு இவ்வேறுபாடுகளும் ஒரு காரணம் என்பதைச் சியாயா ஆய்வுகள் எடுத்துக்காட்டின.

செங்குழியத்தின் அமைப்பைத் தீர்மானிக்கும் மரபணுக்களின் கதை இதனிலும் பழையது. தலசீமியா மரபணுவைச் சுமப்போருக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்புக் கிடைத்திருக்கக்கூடும் என்று ஹால்டேன் 1940களின் இறுதியிலேயே கருத்துரைத்தார். கென்யாவில் வளர்ந்த அந்தனி அலிசன் என்ற வைத்தியர், அரிவாட்கல மரபணுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை 1954 ஆம் ஆண்டு நிறுவினார். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பிரதி மட்டும் பெற்ற பிள்ளைக்குக் கடும் மலேரியாவின் ஆபத்து ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளைக்கோ வாழ்நாள் முழுவதும் அரிவாட்கல நோய். இம்மரபணு ஆபிரிக்காவுக்கு மட்டும் உரியதென்று எண்ணவேண்டாம். நீலகிரி மலையின் பழங்குடி மக்களிடையே அது இருப்பது 1952 ஆம் ஆண்டிலேயே பதிவாயிற்று.

அல்ஃபா தலசீமியாவின் கணக்கு இன்னும் நுட்பமானது. பப்புவா நியூகினியாவில் ஆராய்ந்து 2008 ஆம் ஆண்டு வெளியிட்ட விளக்கமொன்று என்னைக் கவர்ந்தது. அந்தப் பிள்ளைகளின் செங்குழியங்கள் சிறியவை, ஆனால் எண்ணிக்கையில் அதிகமானவை. காசைப் பெரிய தாள்களாக வைத்திருப்பவன் ஒரு தாளைத் தொலைத்தால் பெரிய நட்டம். சில்லறையாக வைத்திருப்பவன் ஒரு நாணயத்தைத் தொலைத்தால் சிறிய நட்டம். அதுபோல, அதே எண்ணிக்கையான செங்குழியங்கள் அழிந்தாலும் இவர்கள் இழக்கும் ஈமோகுளோபின் குறைவு. எனவே கடுமையான குருதிச்சோகை வரை அவர்கள் இறங்குவதும் குறைவு.

அப்படியானால் பாதுகாப்புத் தரும் மரபணு இரண்டு கிடைத்தால் இரட்டைப் பாதுகாப்பு அல்லவா? இல்லை. அரிவாட்கல மரபணுவும் அல்ஃபா தலசீமியாவும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து அமையும்போது, தனித்தனியே தந்த பாதுகாப்பு இல்லாமற் போவதைக் கிலிஃபி ஆய்வாளர்கள் 2005 ஆம் ஆண்டு கண்டார்கள். ஜீ-6-பீ-டீ என்னும் நொதியக் குறைபாட்டின் கதை இன்னும் வியப்பானது. பல நாடுகளின் ஆய்வாளர்கள் இணைந்து 2014, 2017 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளின்படி, அக்குறைபாடு மூளை மலேரியாவின் ஆபத்தைக் குறைக்கிறது, கடுமையான குருதிச்சோகையின் ஆபத்தைக் கூட்டுகிறது. ஒரே மரபணு மூளையைக் காத்துக் குருதியைக் காட்டிக்கொடுக்கிறது. நல்ல மரபணு, கெட்ட மரபணு என்ற பிரிவினையே பொருளற்றது என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமா?

இவ்வளவும் அறிவியல். இனி என் கருத்து.

நம்மவரிடையே பரம்பரை என்ற சொல்லைச் சொன்னவுடன் அது தலையெழுத்து என்ற பொருளிலேயே காதில் விழுகிறது. "அது அவர்களின் இரத்தத்தில் உள்ளது" என்று சொல்லிவிட்டால் அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை. அரசாங்கத்துக்கு வசதி. உதவி வழங்கும் நாடுகளுக்கு வசதி. செய்தி எழுதும் எங்களுக்கும் வசதி. ஆனால் மரபணு ஆய்வுகள் எழுப்பும் கேள்வி, கடிபட்ட பிள்ளைகளுள் யார் முதலில் விழுவார் என்பது மட்டுமே. அத்தனை பிள்ளைகளும் இரவுதோறும் ஏன் கடிபடவேண்டும் என்ற கேள்விக்கு அங்கே விடை இல்லை. அது வேறு இடத்தில் தேடவேண்டிய விடை.

மலாவியில் கடுமையான குருதிச்சோகையோடு வந்த பிள்ளைகளை ஆராய்ந்து 2008 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மலேரியாவோடு குருதியில் பற்றீரியாத் தொற்று, கொக்கிப்புழு, எச்.ஐ.வி., ஏ விற்றமின் குறைவு, பி-12 விற்றமின் குறைவு ஆகியனவும் ஜீ-6-பீ-டீ குறைபாடும் காரணங்களாக வரிசையில் நின்றன. மரபணு அங்கே ஓர் ஓரத்தில் நிற்கிறது. மற்றவையெல்லாம் சோறும் சப்பாத்தும் மலசலகூடமும் மருந்தும் சம்பந்தப்பட்டவை. காம்பியாவில் வீடுகளின் கதவு யன்னல்களுக்கு வலையடித்தும், கூரைக்கும் சுவருக்கும் இடையிலான திறப்பை உள்ளிருந்து மறைத்தும் நடத்திய பரிசோதனையின் முடிவு 2009 ஆம் ஆண்டு வெளியானது. அந்த வீடுகளில் நுளம்பு குறைந்தது, பிள்ளைகளின் குருதிச்சோகையும் குறைந்தது. எவருடைய மரபணுவையும் எவரும் தொடவில்லை. மாற்றியது வீட்டை மட்டுமே.

சோகைக்கு இரும்புச்சத்துக் கொடுத்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். சன்சிபாரைச் சேர்ந்த பெம்பா தீவில் அதைச் செய்து பார்த்தார்கள். மலேரியா மிகுந்த அத்தீவில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பெற்ற சிறு பிள்ளைகளிடையே கடும் நோயும் மரணமும் கூடின என்பதை 2006 ஆம் ஆண்டு அறிவித்தார்கள். மலேரியாவைத் தடுக்கவும் சிகிச்சையளிக்கவும் ஏற்பாடின்றி அத்தகைய இடங்களில் இரும்புச்சத்து விநியோகிக்கக்கூடாது என்பது அங்கிருந்து பெற்ற பாடம். நல்லெண்ணம் மட்டும் மருந்தாகாது.

எங்கள் இலங்கையின் கதையை இந்த இடத்திற் சொல்வது பொருந்தும். கிலிஃபி ஆய்வைச் செய்த அதே மார்கரெட் மக்கினன், அதற்கு முன்னர் கதிர்காமப் பிரதேசத்து மக்களிடையே இதே கேள்வியை இலங்கை விஞ்ஞானிகளோடு சேர்ந்து ஆராய்ந்தவர். 2000 ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்விலும் மலேரியாவின் தாக்கத்தில் பரம்பரைக்கு ஒரு பங்கு இருப்பது தெரியவந்தது. ஆக, எங்கள் குருதியிலும் அது எழுதப்பட்டுத்தான் இருந்தது.

ஆனால் நடந்தது என்ன? 1934, 35 ஆம் ஆண்டுகளில் இந்த மலேரியா இலங்கையில் எண்பதாயிரம் அளவிலானோரை வாரிக்கொண்டு போயிற்று. 1940களின் நடுப்பகுதியில் டீ.டீ.ரீ. வந்தது. 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதினேழே நோயாளர். வென்றுவிட்டோமென்று கைகளைத் தளர்த்தியதும், 1969 ஆம் ஆண்டில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அந்த ஆறு ஆண்டுகளில் இலங்கையரின் மரபணுக்களா மாறின? மீண்டும் 1999 ஆம் ஆண்டில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர். யுத்தத்தால் இடம்பெயர்ந்து கொட்டில்களிலும் மர நிழலிலும் படுத்துறங்கிய வன்னி மக்கள் அக்காலத்தில் மலேரியாவோடு பட்ட பாட்டை அறிந்தவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். பின்னர் 2012 ஒக்ரோபரில் உள்நாட்டிற் பரவிய கடைசி நோயாளர். 2016 செப்ரெம்பரில் மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று.

இந்த ஏற்ற இறக்கங்கள் அனைத்தும் ஒரே மக்களிடையே, ஒரே குருதியில் நிகழ்ந்தவை. மாறியவை மருந்து தெளிப்பும் நுளம்புவலையும் குருதிப் பரிசோதனையும், காய்ச்சற்காரனைத் தேடிச்சென்ற கால்களுமே. அஞ்சலட்டை எழுதிய முதியவரின் கால்களும் அவற்றுள் அடக்கம்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நாங்கள் செய்தோம், அவர்களால் ஏன் முடியாது என்று ஆபிரிக்கரைப் பார்த்துக் கேட்பது அறியாமை. அங்குள்ள காம்பியே இன நுளம்பு மனிதனையே தேடிக் கடிப்பது. பரவலின் தீவிரமும் எங்கள் அனுபவத்தைப் பன்மடங்கு விஞ்சியது. நாங்கள் தீவு, எல்லாப் பக்கமும் கடல். எங்கள் அனுபவம் அவர்களுக்கு அளவுகோலாகாது. மரபணு ஒரு நாட்டின் தலையெழுத்தன்று என்பதற்குச் சான்று மட்டும் ஆகும்.

அப்படியானால் மரபணு ஆய்வும் நிர்ப்பீடன ஆய்வும் வீண்தானா என்று கேட்டால், அதுவும் இன்னொரு ஏகாரத் தவறாகிவிடும். மலேரியா போனபின்னும் அது விட்டுச்சென்ற தலசீமியா எங்கள் நாட்டிலும் இருக்கிறது. குருநாகலில் உள்ள சிகிச்சை நிலையத்துக்கு மாதந்தோறும் குருதி ஏற்றவரும் பிள்ளைகள், மூதாதையர் மலேரியாவிலிருந்து தப்பியதற்கான விலையை இன்று செலுத்துகிறார்கள். அவர்களுக்கு இந்த அறிவு தேவை. சில மலேரியா மருந்துகள் ஜீ-6-பீ-டீ குறைபாடுள்ளவரின் செங்குழியங்களைச் சிதைக்கும் என்பதால், கொடுக்குமுன் பரிசோதிக்கவேண்டும் என்ற விதியும் இதே அறிவின் பயனே. கிழக்கு ஆபிரிக்காவிற் காணப்படும் டாந்து என்ற குருதி வகை, செங்குழியத்தின் மென்தோலை விறைப்பாக்கி ஒட்டுண்ணி நுழைவதைக் கடினமாக்குகிறது என்று 2020 ஆம் ஆண்டு கண்டறிந்தார்கள். இயற்கை செய்ததை ஒருநாள் மருந்து செய்யலாம்.

எலும்பு மச்சை மெல்லவே தேறுகிறது என்ற அறிவோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய உண்மை இன்னொன்று உண்டு. கடுமையான குருதிச்சோகைக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய பிள்ளைகளுட் பலர் அடுத்த சில மாதங்களில் மீண்டும் வைத்தியசாலைக்கு வருகிறார்கள், அல்லது வீட்டிலேயே இறக்கிறார்கள். மச்சை தேறுமுன் அடுத்த நுளம்பு கடித்துவிடுகிறது. கென்யாவிலும் உகண்டாவிலும் இத்தகைய பிள்ளைகளுக்கு வீடு திரும்பியபின் மூன்று தடவை தடுப்பு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பாதுகாப்புத் தந்த காலத்தில் மரணமும் மறு அனுமதியும் 70 சதவீதம் குறைந்தன என்று 2020 ஆம் ஆண்டு வெளியான முடிவு கூறியது. 2022 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இதனைப் பரிந்துரைத்தது. குழந்தைகளுக்கான முதலாவது மலேரியாத் தடுப்பூசி 2021 ஆம் ஆண்டிலும் இரண்டாவது 2023 ஆம் ஆண்டிலும் பரிந்துரை பெற்றன. முதலாவதை 2019 முதல் பரீட்சார்த்தமாக வழங்கிய இடங்களுள் மேற்குக் கென்யாவும் ஒன்று.

எனவே அறிவு இருக்கிறது. இல்லாதது அதனைக் குழந்தையிடம் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு. நடு இரவில் வெளுத்த குழந்தையைத் தாய் முதுகிற் கட்டிக்கொண்டு வரும்போது குருதி வங்கியில் பொருத்தமான குருதி ஒரு பை இருக்கிறதா? வீடு திரும்பும் பிள்ளைக்கு அந்த மூன்று தடவை மருந்தைக் கொடுக்க எவரேனும் பொறுப்பாயிருக்கிறார்களா? 2025 ஆம் ஆண்டில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி முகவரகத்தையே மூடிவிட்டது. ஆபிரிக்காவில் வலைகளுக்கும் மருந்துகளுக்கும் பெருமளவு பணம் வந்த வழி அது. இத்தகைய வேளையில் மரபணுவின் மீது பழியைப் போடும் தலைப்புகள் வெறும் பிழைகளல்ல. கையை விரிப்பவர்களுக்குக் கிடைக்கும் சாட்டு அவை.

இளைய பத்திரிகையாளர்களுக்கு ஒரு வார்த்தை. "மரபணு கண்டுபிடிப்பு" என்ற செய்தி உங்கள் மேசைக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்த மரபணு எவ்வளவு பங்கை விளக்குகிறது? மீதிப் பங்கு எங்கே இருக்கிறது? இந்த அறிவால் நாளை எந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? இம்மூன்றுக்கும் விடை தெரியாவிட்டால் அந்த நான்கு அங்குல இடத்தில் விளம்பரம் போட்டுவிடுங்கள். யாருக்கும் தீங்கில்லை.

அந்த முதியவர் இன்று இருக்கிறாரா என்பது தெரியாது. இருந்தால் நூறு வயதை நெருங்கியிருப்பார். அவருக்கு நான் எழுதியிருக்கவேண்டிய பதில் இதுதான்:

ஐயா, எந்தப் பிள்ளையின் குருதி முதலில் வற்றும் என்பதிற் பரம்பரைக்கும் ஒரு பங்கு உண்டு. எந்தப் பிள்ளையின் குருதியும் வற்றாமற் காத்தது நீங்கள் ஏறி இறங்கிய வீடுகள். தலைப்பை நான் பிழையாக இட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.